இரும்பைத் தேடியவள்

செத்த மாட்டைக் குழியில் தள்ளி மூடிவிட்டுப் போவதுதான் ஊர் வழக்கம். பேச்சித்தாய் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "எதுனால செத்துச்சுன்னு தெரியாம நான் ஒரு பிடி மண்ணு போட மாட்டேன்" என்று குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷன் மகாராஜா இரண்டு தடவை எழுப்பிப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. கடைசியில் கால்நடை மருத்துவர் நித்யா வந்து, முழங்கை வரைக்கும் உறை மாட்டிக்கொண்டு செத்துக் கிடந்த செவலை மாட்டின் நெஞ்சைத் திறந்தார்.

இதயத்தைச் சுற்றி ஒரே சீழ். வாடை தாங்காமல் சுற்றி நின்றவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். பேச்சித்தாய் மட்டும் நகரவில்லை. மருத்துவர் அந்தச் சீழுக்குள் இடுக்கியை விட்டு விரல் நீளக் கம்பி ஒன்றை இழுத்தெடுத்தார். தையல் ஊசியைவிடக் கொஞ்சம் தடிமன். தண்ணீரில் அலசியதும் பித்தளை மாதிரி மின்னியது.

"புல்லோட சேத்து முழுங்கியிருக்கு. இரைப்பையில இருந்து பையப் பையக் குத்திக்கிட்டே வந்து இருதயத்துல ஏறியிருக்கு. அதான் கழுத்துக்குக் கீழ நீர் கோத்துச்சு, இறக்கத்துல நடக்கும்போது முனகுச்சு."

"இது என்ன கம்பி டாக்டரம்மா?"

"டயருக்குள்ள இருக்குற கம்பி. டயர எரிச்சா இதுதான் மிஞ்சும்."

பேச்சித்தாய் தலையைத் தூக்கி மேற்கே பார்த்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மேட்டில், சிவசைலம் என்கிறவன் குத்தகைக்கு எடுத்திருந்த தென்னந்தோப்பின் பின்னாலிருந்து அன்றைக்கும் கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது. லாரி லாரியாகப் பழைய டயர் வந்து இறங்கும். எரிப்பார்கள். மிஞ்சும் கம்பிச்சுருளைப் பழைய இரும்புக்கு அனுப்புவார்கள். உதிரிக் கம்பியையும் சாம்பலையும் வாய்க்கால் கரையில் தள்ளிவிடுவார்கள். அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். புகையைத்தான் எல்லோரும் ஏசினார்கள். சாம்பலுக்குள் ஊசி இருக்கிறது என்று யாரும் நினைத்ததில்லை.

அவள் கோபக்காரி என்று பேரெடுத்தவள் இல்லை. பால் சொசைட்டியில் அளவு குறைந்தால்கூடப் பைய நின்று கேட்டு வாங்குகிறவள். பிறந்தது திசையன்விளைக்குத் தெற்கே, செம்மணல் மேடு மேடாகக் கிடக்கும் தேரியில். அங்கே மழை மாதங்கள் போக மிச்ச நாளில் பச்சை என்றால் பனையும் உடை என்கிற முள்மரமும்தான். அப்பா வளர்த்த ஆடுகள் உடைநெற்றுக்காகப் பொழுதெல்லாம் அலையும். பத்தொன்பது வயதில் மகாராஜாவுக்கு வாழ்க்கைப்பட்டு, சேரன்மகாதேவிக்கும் முக்கூடலுக்கும் நடுவில் ஆற்றை ஒட்டியிருக்கிற இந்த ஊருக்கு வந்தாள். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் நுரைத்து ஓடியது. "இந்தத் தண்ணி எப்பவும் ஓடுமா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அந்தத் தண்ணீரை நம்பித்தான், நெல் விளையாது என்று போட்டுவைத்திருந்த துண்டு நிலத்தைக் கொத்திப் புல் நட்டாள். ஆளுயரத்துக்கு வளர்கிற தீவனப்புல். அறுக்க அறுக்கத் தழைத்தது. ஒரு மாடு நாலானது. மகள் கலையரசியை நர்சிங் படிக்கவைத்தது அந்தப் புல்லும் பாலும்தான். மகாராஜா சுமைவேன் ஓட்டினான். வாழைத்தாரோ சிமெண்டோ, கிடைத்த லோடு. ஆள் சாது. வீட்டில் ஒரு தீர்மானம் என்றால் அது பேச்சித்தாய் எடுத்ததுதான்.

செவலையை மூடிய கையோடு அவள் தோப்புக்குப் போனாள். சிவசைலம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். வெள்ளை வேட்டி, கையில் தடித்த காப்பு. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தக் கட்சிக்காரன்.

"அண்ணாச்சி, உங்க டயர்க் கம்பி என் மாட்டக் கொன்னுட்டு. சாம்பல வாய்க்கா கரையில கொட்டுதிய. மழ பேஞ்சா அம்புட்டும் வாய்க்காத் தண்ணியோட என் புல்லுக்காட்டுக்குத்தான் வருது."

"மாடு செத்தது எனக்கும் வருத்தந்தான் மதினி. மாடுன்னா சாவத்தான செய்யும்?" அவன் கம்பியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல எம் பேரு எழுதியிருக்கா?"

டயர் உருட்டிக்கொண்டிருந்த இருவர் சிரித்தார்கள். பேச்சித்தாய்க்குக் காது இரண்டும் கொதித்தது. கம்பியை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஏறாத அலுவலகம் இல்லை. மகாராஜா வேனில் கொண்டுபோய் விடுவான். அவள் இறங்கி வரிசையில் நிற்பாள். ஓரிடத்தில் இது எங்கள் வேலை இல்லை என்றார்கள். இன்னோரிடத்தில் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். ஆனி போய் ஆவணி வந்தது. ஓர் ஆளும் வரவில்லை. புகை மட்டும் தவறாமல் வந்தது.

ஒரு நாள் மயிலை மாடு தீவனத்தை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. பேச்சித்தாய் அலறியடித்து மருத்துவருக்குப் போன் செய்தாள். நித்யா ஒரு கருவியோடு வந்தார். கைப்பிடி வைத்த அகப்பை மாதிரி இருந்தது. மயிலையின் முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சடியில் வைத்துத் தடவினார். கருவி கீ என்று கத்தியது.

"இதுக்குள்ளயும் கம்பி இருக்கு. ஆனா இன்னும் குத்தல. காந்தம் முழுங்க வைக்கேன். கம்பி காந்தத்துல ஒட்டிக்கிட்டு வயித்துக்குள்ளயே கிடக்கும். ஆனா நீங்க திரும்பத் திரும்ப இதே புல்லப் போட்டா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

பேச்சித்தாய் மாட்டைப் பார்க்கவில்லை. அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது மண்ணுக்கும் கத்துமா?"

"இது கத்தாது. மண்ணுல தேடுறதுக்குன்னு தனியா மிஷின் இருக்கு."

செவலைக்கு வந்த இன்சூரன்ஸ் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினாள். வண்ணாரப்பேட்டையில் விசாரித்து விசாரித்து ஒரு கடையைக் கண்டுபிடித்தாள். தராசு, கண்காணிப்பு கேமரா, நிலம் அளக்கிற கருவி எல்லாம் விற்கிற கடை. கல்லாவில் இருந்தவன் மேலப்பாளையத்துப் பையன், பேர் அப்ரார். உலோகம் தேடுகிற மிஷின் வேண்டும் என்றதும் குரலைத் தாழ்த்தினான்.

"எந்தப் பக்கம்க்கா? கோயிலடியா, ஆத்தங்கரையா?"

"புல்லுக்காடு."

அவன் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. புதையல் தேடுவதை மறைத்து, கழுத்துச் சங்கிலி தொலைந்தது, மோதிரம் தொலைந்தது என்று ஆயிரம் பொய்யோடு வருகிறவர்களைப் பார்த்தவன். உள்ளே போய் இரண்டு மிஷினைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு. ஆகக் குறைந்த விலையும் இல்லை, ஆக உசத்தியும் இல்லை. இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

"மஞ்சள எடுங்கக்கா. திரையில நம்பர் காட்டும். தங்கம்னா ஒரு நம்பர், வெள்ளின்னா ஒரு நம்பர். என்ன ஆழத்துல கெடக்குன்னும் சொல்லிரும். முக்கியமான விசயம், இரும்பக் கண்டுக்கிடாது. ஆணி, கம்பி, எது கெடந்தாலும் வாயத் தொறக்காது. இல்லன்னா குப்பையத் தோண்டித் தோண்டி இடுப்பு ஒடிஞ்சிரும்லா."

"தம்பி, அந்தக் குப்பையத்தான் நான் தேடுதேன்."

அப்ரார் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினான்.

"இரும்பா?"

"இரும்புதான். கம்பி." மருந்துக் குப்பியில் போட்டு வைத்திருந்ததை எடுத்து மேசையில் தட்டினாள். "இது என் மாட்டோட இருதயத்துல இருந்து எடுத்தது. இதுக்குக் கத்துமா, கத்தாதா? அதச் சொல்லு."

அவன் மஞ்சளை இயக்கிக் கம்பியின் மேல் காட்டினான். அது ஊமையாக இருந்தது. பேச்சித்தாய்க்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது. இந்த மிஷினைச் செய்தவன் இரும்பு என்றால் குப்பை என்று நினைத்தே செய்திருக்கிறான். விற்கிறவனும் அப்படியே விற்கிறான். ஓர் உயிரைக் கொன்ற பொருள் கண்ணெதிரே கிடக்கிறது, அது இருக்கிறதாகவே காட்டிக்கொள்ளாமல் ஒரு மிஷின்! அவள் ஏறி இறங்கிய அலுவலகங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மஞ்சள் பெயிண்டு அடித்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

"தூக்கி உள்ள வை" என்றாள்.

"பொறுங்கக்கா, இரும்பையும் காட்டுன்னு மாத்திக்கிடலாம். ஆனா ஒவ்வொரு தடவ போடும்போதும் நீங்கதான் மாத்தணும். கறுப்பு பழைய மாதிரி. திரை கெடையாது, காதுல மாட்டிக் கேக்கணும். அடியில இருக்குற வட்டு சின்னது, ஆழம் போவாது. ஆனா எல்லாத்துக்கும் கத்தும்."

கறுப்பை இயக்கினான். அது கம்பிக்கும் கத்தியது, மேசைக்கும் கத்தியது, தரைக்கும் கத்தியது. காங்கிரீட் தரைக்குள் முழுக்கக் கம்பி. மாற்றிவைத்த மஞ்சளும் அப்படியே கத்தியது. கடைக்குள் வைத்து எது நல்லது என்று யாரும் சொல்ல முடியாது.

"ரெண்டையும் எடுத்துக்கிட்டு என் காட்டுக்கு வா. எது கம்பிய எடுக்குதோ அத வாங்குதேன்."

"அவ்வளவு தூரமா?"

"பணம் என் மடியிலதான இருக்கு? விக்க வேண்டாம்னா இரு."

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் அவன் வந்துவிட்டான். பைக்கில் இரண்டு மிஷினையும் குறுக்கே கட்டியிருந்தான். பேச்சித்தாய் ஒரு பாத்திப் புல்லை ஒட்ட அறுத்து இடம் ஒதுக்கிவைத்திருந்தாள். வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் சோப்பு நுரையோடு கரையேறி வேடிக்கை பார்த்தார்கள்.

முதலில் மஞ்சள். கொஞ்ச தூரம் போனதும் கணீரென்று கத்தியது. திரையில் நம்பர் ஏறியது. அப்ராருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஆழத்துல என்னமோ கெடக்குக்கா!" மண்வெட்டியால் முழங்கை ஆழம் தோண்டியதும் நசுங்கிய பித்தளைச் செம்பு ஒன்று வந்தது. என்றைக்கோ வெள்ளத்தில் வந்து புதைந்தது. மண்ணைத் துடைத்ததும் வெயிலில் பளிச்சென்றது. கரையில் நின்றவர்களிடம் ஒரு சலசலப்பு.

"பாத்தியளா! மத்தது இத மோந்துகூடப் பாத்திருக்காது."

"இத மாடு திங்குமா?" என்றாள் பேச்சித்தாய்.

அவன் செம்பைக் கீழே வைத்தான்.

"மாடு என்ன கெணறா தோண்டுது? மேல கெடக்குறதத்தான் மேயுது. எனக்கு ஆழம் வேண்டாம். மேல் மண்ணுல ஊசி கெடந்தா சொல்லணும். அம்புட்டுத்தான்."

கறுப்பை அவளே வாங்கினாள். காதில் மாட்டிக்கொண்டு, பாத்தியின் ஓரத்திலிருந்து வட்டைத் தரையோடு தரையாக வீசிக்கொண்டு நடந்தாள். மஞ்சள் கடந்துபோன அதே இடத்தில் கீச்சென்று ஒரு சின்னச் சத்தம். குந்தி உட்கார்ந்து புல்லின் வேர்க்கட்டையை விரலால் பிரித்தாள். கம்பி. இன்னும் ஓர் அடி. கீச். கம்பி. பக்கத்திலேயே இன்னொன்று. அப்ரார் மஞ்சளில் இரும்பைக் காட்டச் சொல்லி மாற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தான். தடித்த கம்பிக்கு அதுவும் கத்தியது. மெல்லிசானதில் பாதிக்கு மேல் விட்டுவிட்டது. கறுப்பு ஒன்றையும் விடவில்லை. அந்த ஒரு பாத்தி முடிவதற்குள் ஒரு கை நிறைய ஊசி.

"யா அல்லா" என்றான் அப்ரார். "இவ்வளவு கெடக்கா?" மஞ்சளை மடக்கிக் கட்டினான். "கறுப்பே எடுங்கக்கா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்." போகிறபோது பைக் பெட்டியிலிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்து ஒரு கம்பில் கட்டிக் கொடுத்தான். "மிஷினு எடத்தச் சொல்லும். இத வச்சு இழுத்தா கையில குத்தாது."

அன்றிலிருந்து புல் அறுப்பதற்கு முன்னால் கறுப்பைக் கொண்டு தேடுவது அவள் வேலையில் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு கீச்சும் செவலையின் முனகலாகக் காதில் விழுந்தது. குனிவாள், காந்தத்தை நீட்டுவாள், ஒட்டிய கம்பியை உரச்சாக்கில் உதறுவாள், உதறும்போதெல்லாம் சிவசைலத்தை ஒரு வார்த்தை ஏசுவாள். முதல் சாக்கு நிறைந்தது. இரண்டாவது சாக்கை எடுத்தாள். கோபம் குறையும் என்று பார்த்தால், சாக்கோடு சேர்ந்து அதுவும் கனத்துக்கொண்டே போனது.

ஊர் வேறு ஒன்றைப் பேசியது. செம்பு தங்கக்குடமாகி, டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது குடத்துக்குள் காசும் இருந்தது. "ஆதிச்சநல்லூர்ல தங்கத்துல நெத்திப்பட்டம் எடுத்தாவல்லா? அதே ஆறுதான இங்கனயும் ஓடுது?" என்றார்கள். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் புல்லுக்காட்டில் அங்கங்கே குழி. யாரோ வந்து தோண்டியிருக்கிறார்கள். நட்ட புல் மிதிபட்டுக் கிடந்தது. அவள் வாய்க்கால் கரையில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். "மாடு செத்தப்ப எட்டிப் பாக்காத பயலுவ, தங்கம்னதும் மம்பட்டியத் தூக்கிட்டு வாராவளோ!" துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிரவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சிவசைலமே வந்தான். தேனாகப் பேசினான்.

"மதினி, நமக்குள்ள ஒளிவு மறைவு எதுக்கு? வாய்க்கா கரை ரெண்டு பேருக்கும் பொது. கெடச்சதுல பாதிய எனக்குத் தந்துட்டா வெளிய ஒரு பேச்சும் போவாது. போலீசு, தாசில்தாரு எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

பேச்சித்தாய் தொழுவத்துக்குள் போனாள். சாக்கை இழுத்துக்கொண்டு வந்து அவன் காலடியில் கவிழ்த்தாள். துருவும் சாம்பலும் ஊசியுமாகச் சரிந்து அவன் செருப்பை மூடியது.

"பாதி எதுக்கு? முழுசையும் எடுத்துக்கிடுங்க. எல்லாம் உங்க சொத்துதான்."

அவன் காலை உதறிக்கொண்டு பின்வாங்கினான். முகத்திலிருந்த தேன் வடிந்துவிட்டது.

"ரொம்பத் துள்ளாத. இந்த டயரு வானத்துல இருந்தா வந்து விழுந்துச்சு? உன் வீட்டுக்காரன் வண்டியிலயும்தான் வந்துச்சு. போய் அவன்ட்ட கேளு."

சாயங்காலம் மகாராஜா வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் எதிரே வந்து நின்றாள்.

"நீங்க டயரு லோடு அடிச்சியளா?"

துணி பிடித்த கை அப்படியே நின்றது.

"கேக்கேன்லா?"

"வேற லோடு கெடைக்காத நாள்ல அடிச்சேன். தென்காசிப் பக்கமிருந்து."

"செவலைக்குக் குழி தோண்டுனியளே. அப்பத் தெரியுமா?"

"டாக்டரம்மா சொன்னப்பத்தான் தெரியும். அதுக்கப்புறம் நான் ஒரு லோடும் அடிக்கல பேச்சி."

"நான் மனு குடுக்கப் போறப்பல்லாம் இந்த வண்டியிலதான கொண்டாந்து விட்டிய. நான் வரிசையில நிக்கேன், நீங்க வெளிய வண்டியில இருக்கிய. அப்பவும் வாயத் தொறக்கல."

அவன் துணியை வாளிக்குள் போட்டான். அவளுக்கு அழுகை வரவில்லை. சிவசைலத்தின் மேல் இருந்ததைவிடப் பெரிய கோபம் வந்தது. சிவசைலம் யாரோ. இவன், தினமும் அந்தச் செவலையின் பாலில் காப்பி குடித்தவன். உள்ளே போய்க் கறுப்பு மிஷினை எடுத்துவந்து அவன் கையில் திணித்தாள்.

"நீங்க கொண்டாந்தத நீங்களே பொறுக்குங்க."

மறுநாள் முதல் வேனை எடுப்பதற்கு முன்னால் அவன் புல்லுக்காட்டில் நின்றான். சோறு போட்டாள், பேசவில்லை. மகள் போனில் கேட்டதற்கு, "உங்கப்பாட்டயே கேளு" என்று வைத்துவிட்டாள். மகாராஜா குனிந்து குனிந்து பொறுக்கினான். விரலெல்லாம் கீறல். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரிப் பால் கறந்தாள்.

அப்புறம்தான் ஜீப்புகள் வந்தன. காலைப் பால் கறந்து முடிக்கிற நேரம். ஒன்றில் வருவாய் ஆய்வாளரும் உதவியாளர்களும், இன்னொன்றில் போலீஸ். அரசுக்குச் சொந்தமான புதையலை மிஷின் வைத்துத் தோண்டி எடுக்கிறாள் என்று யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். யார் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தங்கத்தைப் பார்க்க ஊரே வாய்க்கால் கரையில் கூடிவிட்டது.

"எடுத்த பொருளக் கொண்டா" என்றார் வருவாய் ஆய்வாளர்.

அவள் தொழுவத்திலிருந்து தவிடு அள்ளப் போட்டிருந்த செம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் தட்டிப் பார்த்தார். கவிழ்த்தார், தவிடு கொட்டியது.

"வேற?"

"அந்தா கெடக்கு சாக்குல. அஞ்சு மூட."

போலீஸ்காரர் ஒருவர் ஆசையாகச் சாக்குக்குள் கையை விட்டு, "ஸ்ஸ்" என்று உதறிக்கொண்டு எடுத்தார். விரலில் ரத்தம்.

"குத்துதா?" என்றாள் பேச்சித்தாய். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "உங்களுக்கு விரல்ல குத்துச்சு. என் மாட்டுக்கு இருதயத்துல குத்துச்சு. மாடு சாவுது, வந்து பாருங்கன்னு படிப் படியா ஏறுனேன். இது எங்க வேல இல்லன்னிய. ஆளு அனுப்புதோம்னிய. சைக்கிள்ல ஒருத்தன் வந்தானா? இப்பத் தங்கம்னு ஒரு பொய்யி, ஒரே ஒரு பொய்யி, ரெண்டு ஜீப்பு வந்து நிக்கு! இதே மேட்டுல பொக வருதே, கண்ணு தெரியுதா உங்களுக்கு?"

"ஏம்மா, மரியாதையாப் பேசு" என்று போலீஸ்காரர் அதட்டினார்.

"மரியாதையாப் பேசித்தான் மாடு செத்துச்சு!"

ஆய்வாளர் முகம் சிறுத்துப்போனது. "நாங்க வந்தது புதையல் விசயமா. டயர் விசயத்துக்கு வேற ஆளுங்க..." என்று ஜீப்பைப் பார்த்துத் திரும்பினார்.

அவள் ஓடிப்போய் ஜீப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "எழுதாம இந்த வண்டி நகராது. நகந்தா என் மேலதான் நகரணும்."

அப்போது மகாராஜா முன்னால் வந்தான். கையில் கறுப்பு மிஷின். ஊருக்கு முன்னால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவன். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எழுதிக்கிடுங்க சார். நான்தான் டயரு லோடு கொண்டாந்து எறக்குனேன். சிவசைலம் தோப்புல. எங்கேருந்து ஏத்துனேன், யாரு ஏத்திவிட்டா, எல்லாம் சொல்லுதேன். என்னையும் சேத்தே எழுதிக்கிடுங்க."

கரையில் நின்ற கூட்டம் கிட்ட நெருங்கி வந்தது. பிறகு பாத்து என்கிற கிழவி கூட்டத்துக்குள்ளிருந்து, "எங்க வெள்ளாடும் இப்படித்தான் முனகிச் செத்துச்சு" என்றாள். இன்னொருத்தி தன் கன்றுக்குட்டியைச் சொன்னாள். தங்கத்தைப் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தத்தம் செத்த உருப்படியைச் சொல்ல ஆரம்பித்தார்கள். இவ்வளவு நாளும் வாயில் என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்கப் பேச்சித்தாய்க்கு நாக்குத் துடித்தது. கேட்கவில்லை. ஆய்வாளர் வேறு வழியில்லாமல் பேனாவைத் திறந்தார். எழுதி முடித்துத் தோப்புக்குப் போனபோது அங்கே பாதி எரிந்த டயர்க் குவியல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. சிவசைலம் இல்லை. திருச்செந்தூருக்குச் சாமி கும்பிடப் போயிருப்பதாக வேலையாட்கள் சொன்னார்கள்.

தோப்பில் டயர் எரிவது நின்றது. சிவசைலம் அபராதம் கட்டிவிட்டு வெள்ளைவேட்டியோடு வழக்கம்போல் நடமாடுகிறான். அவனைச் சிறையில் வைப்பார்கள் என்று நினைத்திருந்த பேச்சித்தாய்க்கு அது ஆறவேயில்லை. மகாராஜாவுக்கும் அபராதம் விழுந்தது. அவன் வேன் சில நாள் போலீஸ் நிலைய வாசலில் நின்றது. சாம்பல் மேட்டை அள்ள அரசாங்கம் வரவில்லை. மகாராஜாதான் நாள் கூலிக்கு ஆள் பிடித்து, தானும் நின்று அள்ளினான்.

அவனிடம் அவள் மறுபடி பேசியது அந்த மேடு பாதியாகக் குறைந்த ஒரு மத்தியானம். தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோனாள். அவன் தலைமுதல் கால்வரை கரியாக உட்கார்ந்திருந்தான்.

"கோவம் இன்னும் போகலயா பேச்சி?"

"போகாது" என்றாள். "கஞ்சியக் குடிங்க."

பாத்துவின் மருமகள் வாய்க்கால் கரையில் தயங்கித் தயங்கி நின்றுகொண்டிருந்தாள். அவர்களுடைய காட்டிலும் ஒரு தடவை மிஷினைக் காட்ட வேண்டுமாம். புல்லுக்காட்டைத் தோண்டிப் போட்டவர்களில் அவள் புருஷனும் ஒருத்தன் என்று பேச்சித்தாய்க்குத் தெரியும்.

"உன் வீட்டுக்காரன வரச்சொல்லு" என்றாள் பேச்சித்தாய். "மிஷின நான் பிடிக்கேன். குனிஞ்சு பொறுக்குறது அவன்தான்."